ஒன்பது பேர், பதினேழு பெட்டிகள்

விமான டிக்கெட் பதிவு செய்யும் கணினிகளில் ஒரு வரம்பு உண்டு. ஒரு பதிவில் 9 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பத்தாவது ஆள் வந்துவிட்டால் நீங்கள் குடும்பம் இல்லை, 'குரூப்'. அதற்குத் தனிக் கட்டணம், தனி விதி, பேசுவதற்குத் தனி ஆள். நாங்கள் சரியாக ஒன்பது பேர். இதைக் கண்டுபிடித்த அன்று என் கணவர் லாட்டரி விழுந்தவர் மாதிரி வந்து சொன்னார்: "நம்ம வீடு அப்படியே ஒரே டிக்கெட்ல அடங்கிடுது!"

அடங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா, ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் துணையை இழந்தபிறகு எங்களோடு வந்து சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவார்கள். அப்புறம் கணவர், நான், பிள்ளைகள் ஐந்து பேர். மூத்தவளுக்குப் பதினாறு, அடுத்தவனுக்குப் பன்னிரண்டு, இரட்டையருக்கு எட்டு, கடைக்குட்டிக்கு மூன்று. "ஐந்தா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

கணவருக்கு நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் வேலை கிடைத்தது. குடியுரிமை இல்லை, ஆனால் நிரந்தரமாகத் தங்கும் விசா. அந்த விண்ணப்பத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: விண்ணப்பிப்பவர், அவருடைய துணை, சார்ந்து வாழும் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு 24 வயது வரை இடம் உண்டு. தாத்தா பாட்டிக்கு இல்லை. அவர்களுக்கு வேறு வழி, வேறு படிவம். இப்போதைக்கு எங்களால் முடிந்தது பெற்றோருக்கான வருகையாளர் விசா. ஒரு தடவை வந்தால் ஆறு மாதம்தான் தங்கலாம், திரும்பிப் போகப் போகிறார்கள் என்பதற்குப் பயணச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆக, ஏழு பேருக்குப் போகும் டிக்கெட், இரண்டு பேருக்குப் போய்த் திரும்பும் டிக்கெட். இரண்டையும் ஒரே பதிவில் போட முடியாது. ஒன்பது என்ற வரம்புக்குள் அழகாக உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழு, இரண்டு என்று பிரிந்தது அங்கேதான். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர், "ரெண்டு பதிவும் சேர்ந்து பயணிக்கிறவங்கன்னு ஒரு குறிப்பு போட்டுடறேன்" என்றார். அப்படி ஒரு வசதி இருக்கிறது. குறிப்பை மனிதர்கள் படிப்பார்கள். கணினி படிக்காது என்பதை சிங்கப்பூரில் தெரிந்துகொண்டோம்.

நேராகப் போகாமல் வழியில் இரண்டு இடங்களில் தங்கிப் போகலாம் என்பது கணவரின் திட்டம். அதற்கு அவர் சொன்ன காரணம் சுற்றுலா இல்லை, கடிகாரம். ஜனவரியில், அதாவது அவர்களுடைய கோடைக்காலத்தில், நியூசிலாந்து நேரம் நமக்கு ஏழரை மணி முன்னால் ஓடுகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கஷ்டம், ஏனென்றால் நேரத்தோடு தூங்கப் போக வேண்டும். தாமதமாகத் தூங்குவது யாருக்கும் எளிது. ஏழரை மணி நேர வித்தியாசத்தை ஒரே இரவில் ஐந்து பிள்ளைகள் மேல் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி, அங்கிருந்து ஃபிஜி நான்கு மணி, அங்கிருந்து நியூசிலாந்து ஒரு மணி. மருந்தை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது மாதிரி பிரித்தார்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதங்களைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. அவை காகிதத்திலேயே கழிந்தன. குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், பல நாடுகள் உள்ளே நுழைய இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. இரட்டையரின் பாஸ்போர்ட்டில் ஐந்தே மாதம் மிச்சம். புதிது எடுத்தால், பழைய எண்ணில் வந்த மின்விசாவைப் புதிய எண்ணுக்கு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். பெரிய குடும்பத்தில் ஏதாவது ஒரு காகிதம் எப்போதும் காலாவதியாகிக்கொண்டே இருக்கும். இதுதான் கணக்கு.

வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பினோம். இருபது அடி கன்டெய்னர் என்றால் உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம். எங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை, வேறு இரண்டு குடும்பங்களின் பொருட்களோடு பங்கு போட்டுக்கொண்டோம். பெட்டிக்குப் பெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். 'இதர பொருட்கள்' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தை தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் இதர பொருட்கள்தான். நானும் அவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். "இது என்ன அத்தை?" "அது இருக்கட்டும்மா." 'அது இருக்கட்டும்' என்பதை எந்தச் சுங்க அதிகாரியும் ஏற்கமாட்டார் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

கையோடு கொண்டுபோக 17 பெட்டிகள். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. தூக்குகிறவர்களின் முதுகு சம்பந்தப்பட்டது என்பதால் கெஞ்சியும் பயனில்லை. பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் வரவேண்டும், அடியில் போகும் பெட்டிக்குள் கூடாது. இதை இங்கே எழுதக் காரணம், விமான நிலையத்தில் பதினான்காவது பெட்டியை வரிசைக்கு நடுவில் திறந்து பையனின் பவர் பேங்கைத் தேடிய குடும்பம் நாங்கள்தான். பின்னால் நின்றவர்களிடம் தாமதமாக ஒரு மன்னிப்பு.

எண்ணிக்கை முறையைக் கொண்டுவந்தது அப்பா. ரயில்வேக்காரர்களுக்கு எதையும் எண்ணாமல் நகரத் தெரியாது. வயது வரிசையில் ஆளுக்கொரு எண். அப்பா ஒன்று, அத்தை இரண்டு, கணவர் மூன்று, நான் நான்கு, மூத்தவள் ஐந்து என்று போய் கடைக்குட்டி ஒன்பது. கதவு, வண்டி, லிஃப்ட், எதைத் தாண்டினாலும் அப்பா "ஒன்னு" என்று தொடங்குவார், வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு விதி: ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாது. "சொல்ல வேண்டியது ஆளு. இங்கதான் இருக்கான்னு நீ சொன்னா அது வதந்தி" என்பார். கடைக்குட்டிக்கு இது பெரிய விளையாட்டு. தன் முறை வரும்வரை அவளால் பொறுக்க முடியாது, 'ஏழு' வரும்போதே "ஒம்போது!" என்று கத்திவிடுவாள். மறுபடி முதலிலிருந்து.

இந்த முறை முதன்முதலில் தோற்றது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில். தொடங்க ஆள் இல்லை. ஒன்றாம் எண்ணையே காணோம்.

நான்கு வயதுப் பிள்ளை தொலைந்தால் எப்படித் தேடுவது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எழுபத்தொரு வயதுக்காரர் தொலைந்தால் எப்படித் தேடுவது என்று யாரும் எழுதவில்லை. போன் அவரிடம் இருந்தது, அணைத்து வைத்திருந்தார். விமானத்தில் அணைக்கச் சொன்னார்கள், போடச் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. இருபது நிமிடம் கழித்து மூத்தவள்தான் கண்டுபிடித்தாள். நாங்கள் கடந்துவந்த ஒரு நடைவழியில், ஒரு அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். பலகையில் தமிழ். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்று அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, முதல் வெளிநாட்டில் இறங்கி நான்கு நிமிடத்தில் கண்ணெதிரே பார்ப்பது வேறு போல. "எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்தேன்" என்றார். இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் ஒரு வீடு எடுத்து எல்லாரும் ஒன்றாகத் தங்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். அங்கே தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். எனவே ஓட்டலில் மூன்று அறைகள், இரண்டு வேறு மாடிகளில். டாக்ஸியும் அப்படித்தான், சாதாரண டாக்ஸியில் நான்கு பேர். ஒன்றே கால் மீட்டர் உயரப் பிள்ளை 1.35 மீட்டரை எட்டும்வரை காரில் தனி இருக்கை வேண்டும், ஆனால் டாக்ஸிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆப் வழியாக வரும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை. இது தெரியாமல் ஒரு காரை வரவழைத்து, ஓட்டுநர் பிள்ளைகளைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை. அதன்பிறகு ரயிலிலேயே போனோம். பெரிய குடும்பத்துக்கு ரயில் மாதிரி ஒரு நண்பன் கிடையாது. எத்தனை பேர் என்று அது கேட்பதே இல்லை.

ஊர் சுற்றியது கொஞ்சம்தான். நான்கு நாளில் மூன்று நாள் மழை. சாங்கியை ஒட்டி 2019-ல் திறந்த ஜுவல் கட்டடத்துக்குள் கூரையிலிருந்து 40 மீட்டர் உயரம் விழும் அருவி இருக்கிறதே, அதன் முன்னால் இரட்டையர் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார்கள். வெளியே கொட்டும் மழையைப் பார்க்காதவர்கள், உள்ளே கட்டிவைத்த மழையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரு குறுஞ்செய்தி. ஃபிஜி விமானம் மாற்றப்பட்டிருக்கிறது, எங்கள் பயணம் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. சரி, போகட்டும் என்று அறையை நீட்டிக்கக் கேட்கப் போகும்போதுதான் கணவர் கவனித்தார், செய்தி வந்தது ஏழு பேருக்கு மட்டும். அப்பாவும் அத்தையும் பழைய விமானத்திலேயே இருந்தார்கள். நாளை மறுநாள் அவர்கள் இருவர் மட்டும் பசிபிக் கடலின் நடுவில் போய் இறங்க வேண்டும்.

போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையானவர்தான். "அவர்கள் வேறு பயணிகள் ஆயிற்றே" என்றார். ஒரே குடும்பம் என்றேன். "பதிவு எண் வேறாக இருக்கிறதே" என்றார். இரண்டு மணி நேரம் இதே பாட்டு. குறிப்பு இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள் என்று நான் நான்காவது ஆளிடம் சொன்னபோதுதான் ஒருவர் திறந்து பார்த்தார். பிறகு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பாவை விசாவில் பிரித்ததுகூட எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை, அது அரசாங்கத்தின் சட்டம். 'வேறு பயணிகள்' என்ற அந்தச் சொல்தான் இரண்டு நாள் வயிற்றில் கிடந்தது. அத்தையிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. "சம்பந்தியோட தனியா போறதா இருந்தா ரிமோட்டையும் எடுத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

ஃபிஜியின் நாடி நகரில் இறங்கியபோது பதினாறு பெட்டிகள் வந்தன. வராத பதினேழாவது பெட்டியில் ஐந்து பிள்ளைகளின் துணிகளும் இருந்தன. ஒழுங்காகக் கட்டவேண்டும் என்று துணி ஒரு பெட்டி, புத்தகம் ஒரு பெட்டி என்று வகைப்படுத்தி வைத்த என் புத்திசாலித்தனம். உங்களிடம் பல பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து எல்லாருடைய துணியையும் எல்லாப் பெட்டியிலும் கலந்து போடுங்கள். ஒரு பெட்டி போனால் ஆளுக்கொரு சட்டை குறையும், அவ்வளவுதான். 1999-ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கணவர் இதையெல்லாம் படித்துவைத்திருந்தார். பெட்டி மூன்றாம் நாள் தானே வந்துவிட்டது, அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அந்த மூன்று நாளும் பிள்ளைகள் எங்கள் பனியன்களைப் போட்டுக்கொண்டு மழையில் ஆடினார்கள். ஜனவரி அங்கே மழைக்காலம், புயல் காலமும்கூட.

ஃபிஜியில் ஒரு முழு வீடு கிடைத்தது. ஊரிலிருந்து கிளம்பியபிறகு ஒன்பது பேரும் ஒரே கூரைக்கடியில் தூங்கியது அங்கேதான். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் நாங்கள் வீட்டில் இருந்த நாட்கள் அவைதான்.

அப்பா முதல் நாளே தண்டவாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கரும்பு ஏற்றும் சின்ன ரயில் பாதை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இரண்டடிதான். ஜனவரியில் வெட்டும் பருவம் இல்லாததால் வண்டி ஓடவில்லை, பாதை புல் மூடிக் கிடந்தது. அதன்மேல் நடந்துகொண்டே, இதைப் போட்டவர்கள் யார் என்று எங்களை ஒரு வாடகை வேனில் சுற்றிக் காட்டிய ஓட்டுநரிடம் கேட்டார்.

ஓட்டுநரின் கொள்ளுத்தாத்தா மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர். 1879-லிருந்து 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது, அவர்கள் கிர்மிட்டியாக்கள் ஆனார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும் கப்பல்கள் போயின. 1903 முதல் மதராஸிலிருந்தும் போகத் தொடங்கின. ஆளுக்கொரு சீட்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். ஒப்பந்தம் முடிந்தும் பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை.

ஓட்டுநர் பேசியது ஃபிஜி இந்தி. தமிழில் அவரிடம் மிஞ்சியிருந்தது சில உறவுப் பெயர்களும் எண்களும். ஒன்றிலிருந்து பத்து வரை தெரியும் என்றார், பாட்டி சொல்லிக்கொடுத்தது. வேனில் ஏறும்போது அப்பா வழக்கம்போல "ஒன்னு" என்று தொடங்க, எங்கள் வரிசை முடிந்ததும் ஓட்டுநர் முன்னிருக்கையிலிருந்து "பத்து" என்றார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்க நாங்கள் பத்துப் பேர். விமானக் கணினி எங்களை ஒரு பதிவில் சேர்த்திருக்காது.

நியூசிலாந்துக்குப் போகும் ஒவ்வொருவரும் பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு அறிவிப்பு நிரப்ப வேண்டும். உணவு இருக்கிறதா, மரப்பொருள் இருக்கிறதா, விதை இருக்கிறதா, மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா? இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அந்த நிலம் மற்ற நிலங்களிலிருந்து பிரிந்து சுமார் 8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதர்கள் வருவதற்கு முன் அங்கே இருந்த நில பாலூட்டிகள் வௌவால்கள் மட்டும்தான். பறக்க மறந்த பறவைகள், வேறெங்கும் இல்லாத மரங்கள். வெளியிலிருந்து வரும் ஒரு பூச்சி போதும். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அறிவித்துவிட்டால் அபராதம் இல்லை, பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள்.

கடைசி இரவு ஒன்பது அறிவிப்புகளையும் நான் ஒரே போனில் நிரப்பினேன். மூத்தவள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து எல்லாருடைய செருப்பிலும் இருந்த ஃபிஜி சேற்றைச் சுரண்டினாள். இரட்டையர் பொறுக்கிய பவளத் துண்டுகளைக் கடற்கரையிலேயே திருப்பிப் போடச் சொன்னேன். பவளம் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருவது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 'விதை' என்ற கேள்வி வந்தபோது சத்தமாகப் படித்தேன். எல்லாரும் இல்லை என்றார்கள். அப்பா மட்டும் எழுந்து உள்ளே போனார். கைக்குட்டை முடிச்சோடு வந்தார். உள்ளே முருங்கை விதைகள், பதினொன்று.

"அங்க குளிருக்கு வராதுப்பா" என்றார் கணவர். "தெரியும் மாப்பிள்ளை" என்றார் அப்பா. நான் 'ஆம்' என்று குறித்தேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு அதிகாரி முடிச்சை மேசைமேல் அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அறிவித்ததற்கு நன்றி சொன்னார், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினார். அப்பா ஒரு விரலைக் காட்டினார். ஒன்று? ஒன்றே ஒன்று? அதிகாரி சிரித்துக்கொண்டே தலையசைத்து மறுத்தார். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதிகாரியின் காலடியில் நின்ற மோப்ப நாயைக் கடைக்குட்டி எண்ணிக்கையில் சேர்த்து அதற்குப் 'பத்து' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

அதற்கு முன்பு, குடிநுழைவு வரிசையில் எங்கள் ஏழு பாஸ்போர்ட்டும் மளமளவென்று முடிந்திருந்தன. அப்பாவையும் அத்தையையும் மட்டும் திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். இரண்டே நிமிடம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழு பேர் நின்று அந்தப் பக்கம் இருவரைப் பார்த்த இரண்டு நிமிடம்.

வெலிங்டனுக்குப் பறந்தால் ஒரு மணி நேரம்தான். அப்பாவுக்காக ரயில் எடுத்தோம். பெட்டிகளைச் சரக்கு வண்டியில் அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு ஏறினோம். 682 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம். 1908-ல் இரு முனைகளும் இணைந்த பாதை. நடுவில் ரௌரிமு என்ற இடத்தில் மலைமேட்டில் ஏற வேண்டும், நேராக ஏறினால் ரயிலால் முடியாது. அதனால் பாதை குதிரை லாடம் மாதிரி வளைந்து, இரண்டு சின்னக் குகைகளுக்குள் புகுந்து, ஒரு முழு வட்டம் அடித்து, தன்னையே தாண்டிப் போகிறது. அப்பா திறந்தவெளிப் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்றுமுன் நாங்கள் வந்த தண்டவாளம் எங்களுக்குக் கீழே தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்க சம்பந்தி, ரயிலு திரும்பிப் பாத்துட்டுப் போகுது." அத்தைக்கு அதைவிடப் பக்கத்தில் நின்ற எரிமலைகள் பிடித்துப்போயின. ருவாபேஹு, 2,797 மீட்டர். கோடையிலும் உச்சியில் பனி.

வாடகை வீட்டில் ஒன்றும் இல்லை. கப்பல் வர இன்னும் ஏழு வாரம். விரிப்பு போட்டு எல்லாரும் கூடத்திலேயே படுத்தோம். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் ஊரில் மூன்று வயதுக் குழந்தையைத் தூங்கவைப்பது பற்றித் தனிப் பதிவே எழுதலாம். வெளிச்சம் போனதும் அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் நிலாவைக் காட்டினார். உடனே என்னைக் கூப்பிட்டார். "முயல் தலைகீழா நிக்குது பாரு." உண்மைதான். தெற்குக் கோளத்திலிருந்து பார்த்தால் நிலா கவிழ்ந்துதான் தெரியும். தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை யாரும் எனக்கு முயலை வைத்துச் சொன்னதில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மூத்தவள் போனில் எதையோ படித்துவிட்டுத் தாத்தாவிடம் ஓடிவந்தாள். வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. விளிம்பு உடைந்து, மேல்பகுதி மட்டும் மிஞ்சியது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வட தீவின் ஃபங்காரெய் பகுதியில் அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்றார்கள். அதைச் சுற்றிலும் தமிழ் எழுத்து.

மணியின் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, புள்ளியில்லாத அந்தப் பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். இன்றைய எழுத்தில் எழுதினால், முகைய்யதீன் வக்குசுவுடைய கப்பலுடைய மணி. அவ்வளவுதான் வாசகம். எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று எழுதவில்லை. பொருளின் மேல் உரியவர் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள், நாங்கள் பதினேழு பெட்டிகளிலும் எழுதியது மாதிரி.

"இதையும் பட்டியல்ல போட்டிருப்பான்" என்றார் அப்பா. "மணி, ஒன்னு."

ஆறு மாதம் என்பது கன்டெய்னர் வந்து, பிரித்து, அத்தையின் 'அது இருக்கட்டும்' எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகும் காலம். ஜூலைக் குளிரில் இருவரையும் விமான நிலையத்தில் விட்டோம். சக்கர நாற்காலி உதவி இருவருக்கும் கேட்டிருந்தோம். அப்பா மறுத்துவிட்டு அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் நடந்துபோனார். திரும்பும் காரில் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினோம். முதல் குரலுக்காகக் காத்திருந்து, ஒன்றும் வராமல், கணவர் "மூணு" என்றார். பிள்ளைகள் யாரும் எண்களை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

நள்ளிரவு தாண்டி போன் அடித்தது. சாங்கியிலிருந்து அப்பா. இந்த முறை போனைப் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒன்னு" என்றார்.

பின்னாலிருந்து அத்தையின் தூக்கக் கலக்கக் குரல், "ரெண்டு."

"மூணு." "நாலு." சத்தம் கேட்டு எழுந்துவந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எட்டு வரை வந்து நின்றது. கடைக்குட்டி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவளுக்காக மெல்ல "ஒம்போது" என்றாள்.

"அது வதந்தி" என்றார் அப்பா. "எழுப்பும்மா. நான் லைன்ல இருக்கேன்."